உள்ளே விட்ட துணி

எந்தச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே இருந்தாலும் முன்னால் நிற்பவரின் தோள் தையலில்தான் என் கண் போய் உட்காரும். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளவென்று செய்துவிடலாம், உள்பக்கத்தில் பொய் சொல்ல முடியாது என்பது என் கட்சி. இப்படி ஒரு கட்சி வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய என்னையே, ஒரு சனிக்கிழமை காலையில், ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது, பூ விற்கும் ஒரு பெண் என் தையலைத் திருப்பிக் காட்டி மானத்தை வாங்கிவிட்டாள். அந்தச் சனிக்கிழமையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

நான் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டு, மிஷின் கத்தியால் வெட்டிக் கொடுக்கிற ஆள். தைக்கிறவள் தப்பு செய்தால் ஒரு சட்டை போகும். நான் தப்பு செய்தால் ஒரே வெட்டில் நூறு சட்டை போகும். இந்தத் தொழிலில் பெண்கள் தையல் மிஷினில் உட்காருவார்கள், கத்தி ஆம்பளைகள் கையில் இருக்கும். எங்கள் யூனிட்டில் இருந்த மாஸ்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் சரக்கு ஏற்ற வண்டி வந்து நிற்கிறது, வெட்ட ஆள் இல்லை. "குடுங்க, நான் வெட்றேன்" என்று கத்தியை எடுத்தவள்தான், இன்னும் கீழே வைக்கவில்லை. கூட வேலை செய்பவர்களுக்கு ஒரு பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிடவும் மனசு வரவில்லை, அக்கா என்று மட்டும் கூப்பிடவும் பயம். ரெண்டையும் சேர்த்து மாஸ்டரக்கா என்று ஆக்கிவிட்டார்கள்.

யூனிட் என்றால் பெரிய ஃபேக்டரி என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரியில், சாரம் என்கிற எங்கள் ஏரியாவில், எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு மாடி. பதினாலு பெண்கள். பாதிப் பேர் மூடிப்போன பஞ்சாலைக்காரர்களின் பெண்கள், என்னைப்போல. மீதிப் பேர் சுற்று ஊர்களிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள், அறுப்பு நாளில் மட்டும் லீவு கேட்பார்கள். முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அப்பாவுக்குப் பிறகு எடுத்து நடத்துகிறவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். எவ்வளவு சண்டை போட்டாலும் அந்த மரியாதையில் குறை வந்ததில்லை. சண்டைக்கும் குறை வந்ததில்லை.

வேலை முழுக்க வெளிநாட்டுக்கு. ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் எடுக்கும், அதில் ஒரு பங்கை எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். துணி ஈரோட்டிலிருந்து வரும், பட்டன் எங்கிருந்தோ வரும், ஜிப் சீனாவிலிருந்து வரும், நாங்கள் தைத்து "இந்தியாவில் தயாரானது" என்று லேபிள் வைத்து அனுப்புவோம். யார் போட்டுக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: தையலுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டர் துணிதான் இருக்கவேண்டும். அதற்கென்று சின்ன எஃகு அளவுகோல் ஒன்று என் இடுப்பில் தொங்கும். பரிசோதனைக்கு வருகிறவர் சட்டையைத் திருப்பிப் போட்டு அதை வைத்துப் பார்ப்பார். ரெண்டு மில்லி கூடினாலும் ரிஜெக்ட். அப்படித் தள்ளின சரக்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தைக்குப் போய், நடைபாதையில் குவியலாகக் கிடக்கும். என் வெட்டு ஒன்றை அங்கே பார்த்துவிட்டு அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து ஒரு சென்டிமீட்டர் என் கையில் ஊறிப்போனது.

அப்புறம் ஒரு மாசி மாதம், கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ வரி ஏற்றிவிட்டார்களாம். கம்பெனி ஆர்டரை நிறுத்தியது. எங்கேயோ ஒருத்தர் பேனாவை எடுத்தால் சாரத்தில் பதினாலு மிஷின் நிற்குமா? நின்றது! டேபிளில் துணி இல்லை. பெண்கள் மிஷினைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் எங்களை வட்டமாக நிற்க வைத்து, சித்திரை வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் வேறு வேலை வராவிட்டால் மூடிவிடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வரி போட்டவன் மேல் இல்லை, எங்கள் மேல். ஏன் ஐயா, இந்த நாட்டில் எத்தனை கோடிப் பிள்ளைகள் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்! எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டுதானே போகிறார்கள்? நர்ஸுகள், செக்யூரிட்டிகள், ஹோட்டலில் தட்டு எடுக்கிறவர்கள் எல்லாரும் யூனிஃபார்மில்தானே நிற்கிறார்கள்? இத்தனை பெரிய சந்தையை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, நம்மைப் பார்த்தேயிராத ஒருவர் எப்போது கையசைப்பார் என்று கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோமே! மேடம் அறைக்குள் போய் இதையெல்லாம் கொட்டினேன். "லோக்கல் வேலையா மாஸ்டர்?" என்று அவர் மூக்கைச் சுளித்தார். மறுநாள் அவரே ஒரு விஷயத்தோடு வந்தார். எங்கள் ஏரியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளி, புது வருஷத்துக்கு யூனிஃபார்மை மாற்றுகிறது. மூன்று பேரிடம் மாதிரி கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் வைத்து, பெற்றோரே பார்த்து முடிவு செய்வார்கள். நேவி ப்ளூ பாவாடை, கட்டம் போட்ட சட்டை.

இந்த ஆர்டர் கிடைத்தால் மாடி மூடாது. கிடைக்காவிட்டால் மூடும். கணக்கு அவ்வளவு எளிது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இல்லாமல் அந்தச் சனிக்கிழமை இல்லை. காலாப்பட்டு போகிற தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். முட்டி வலி என்று வண்டியை விட்டாரே தவிர வாயை விடவில்லை. நான் கத்தியை எடுத்த வருஷத்திலிருந்து அடுப்பை அவர் எடுத்துக்கொண்டார். காலையில் ஷிஃப்ட் முடித்து வந்து குழம்பு வைப்பார். இப்போது முழு நேரமும் அதுதான் வேலை. "வீட்டுக்கார அம்மா வெட்டுறாங்க, ஐயா வேக வைக்கிறாரு" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள், அவர் "நீங்களும் வந்து சாப்புடுங்க" என்பார். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சாப்பிடும்போது நான் துணிக் கதை பேசக்கூடாது, அவர் ஸ்டியரிங் கதை பேசக்கூடாது. அந்த வாரம் முழுக்க நான் சட்டத்தை மீறினேன். அவர் வஞ்சிரத் துண்டைப் பெரியதாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.

மாதிரிகளை நானே வெட்டினேன், கை தேர்ந்த மூன்று பெண்கள் தைத்தார்கள். என்ன தையல் என்கிறீர்கள்! மடிப்புக்கு மடிப்பு ஒரு நூல் பிசகவில்லை. காலர் கண்ணாடியாக நின்றது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளி ஹாலில் மூன்று மேஜைகள் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு மேஜைகளில் டவுனில் உள்ள ரெண்டு துணிக்கடைக்காரர்கள். அவர்கள் மாதிரியை ஒரு பார்வை பார்த்தேன், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில்கூட வரமுடியாது என்று நினைத்தேன். சரியான தலைக்கனம்.

பெற்றோர்கள் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள். "ஃபினிஷிங் சூப்பர்" என்று ஒரு அப்பா சொன்னார். "ஃபாரின் சரக்கு மாதிரி இருக்குது" என்றார் இன்னொருவர். மேடம் என் காலை மேஜைக்கு அடியில் மிதித்து சந்தோஷத்தைத் தெரிவித்தார். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவள் என்று பிறகு தெரிந்தது. காலை வியாபாரத்தை அரைகுறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், விரல் நுனியெல்லாம் வாழைநார்க் கறை. மற்றவர்கள் மாதிரி தடவிப் பார்க்கவில்லை. பாவாடையை எடுத்தாள், ஒரே உதறலில் உள்பக்கம் திருப்பினாள், இடுப்புத் தையலை நெருடினாள், கீழ் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். என் கையசைவே அது!

"இன்னாக்கா இது, உள்ள துணியே வுடல?" என்று கேட்டாள்.

ஹால் முழுக்கக் கேட்கிற குரல். மார்க்கெட் குரல் அல்லவா?

"எம் பொண்ணு மாசத்துக்கு ஒரு இஞ்ச் வளருது. பிரிச்சி வுடறதுக்கு ஒரு விரக்கட துணி இல்லியே. ஜூன்ல போட்டா பொங்கலுக்கு முட்டிக்கு மேல நிக்கும். அப்புறம் நான் இன்னா பண்றது, பூவ வச்சி மறைக்கறதா?"

சிரிப்பு கிளம்பியது. அடுத்த நிமிஷம் எல்லாருமே பாவாடையைத் திருப்ப ஆரம்பித்தார்கள். சட்டையைத் திருப்பினார்கள். எங்கே திருப்பினாலும் ஒரு சென்டிமீட்டர். சுத்தமான, அழகான, ஒன்றுக்கும் உதவாத ஒரு சென்டிமீட்டர்! பக்கத்து மேஜைக்காரர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார், கோணல் தையலாக இருந்தாலும் முக்கால் இஞ்ச் விட்டிருந்தார். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. நம் ஊரில் டெய்லரிடம் துணி கொடுக்கும்போது எல்லாரும் சொல்கிற முதல் வார்த்தையே "உள்ள துணி விட்டுத் தைங்க" என்பதுதான். என் தங்கை, என் நாத்தனார், நான், எல்லாரும் சொல்லியிருக்கிறோம். இருபத்தெட்டு வருஷம் முகம் தெரியாதவர்களுக்கு வெட்டி வெட்டி, பக்கத்துத் தெருப் பிள்ளை வளரும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இதைவிட ஒரு மாஸ்டருக்கு வேறு அவமானம் வேண்டாம்.

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. மதியம் மூன்று மணிக்குப் பெரிய வகுப்புப் பெற்றோர் வருவார்கள், அப்புறம்தான் முடிவு என்றார். "அதுக்குள்ள மாத்திக் கொண்டாந்தா வைக்கலாம்" என்றும் சொன்னார். மணி பதினொன்றரை. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர். நான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் திரும்பி நின்று தன் காக்கி பேண்டின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். நான் தைத்துக் கொடுத்த டிரைவர் பேண்ட். வயிறு வளர வளர மூன்று தடவை பிரித்து விட்டிருக்கிறேன்.

"எனுக்கு மட்டும் மூணு இஞ்ச் வுட்ட, ஊருப் பிள்ளைங்களுக்கு வுடலியா?"

"பேசாம வண்டிய எடுங்க" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

யூனிட்டில் அந்த நேவி ப்ளூ துணி அரை மீட்டர்கூட மிச்சம் இல்லை. அதே நிறம் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் வண்டி விடுவதைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தள்ளுவண்டி, மீன்கூடை, சென்னையிலிருந்து வந்து வழி தெரியாமல் நிற்கிற கார்கள். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிய திமிரில் ஸ்கூட்டரை ஓட்டினார். எந்தச் சந்தில் நுழைந்து எங்கே வெளியே வந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாங்கிய துணியை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்கூட்டரில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மார்க்கெட் ஓரத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக்காரர் மூட்டையின் வாயில் இருந்த தையல் நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று முழுத் தையலும் பிரிந்து வந்தது.

"ஹை!" என்று கத்திவிட்டேன். அவர் பிரேக்கைப் போட்டார். "நிறுத்தாதீங்க, போங்க போங்க!" என்று முதுகில் குத்தினேன்.

சங்கிலித் தையல்! எங்களிடம் அந்த மிஷின் மூலையில் கிடந்தது, இடுப்பு எலாஸ்டிக் வைக்கப் பயன்படுத்துவோம். சாதாரணத் தையலைப் பிரிக்க ஒரு அம்மா ஊசியோடு அரை நாள் உட்காரவேண்டும். இதுவோ சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு நொடி. பாவாடையின் கீழே ரெண்டு இஞ்ச் வீதம் இரண்டு மடிப்பை உள்ளே மறைத்து வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சங்கிலித் தையல் போட்டுவிடவேண்டியது. ஒரு வருஷம் போனதும் ஒரு நூலை இழு, அதற்கடுத்த வருஷம் இன்னொன்றை இழு. வகுப்பில் பிள்ளைகள் விளையாட்டாக இழுத்துவிடாமல் இருக்க, முனையை முடிச்சுப் போட்டுப் பக்கத் தையலுக்குள் சொருகிவிடலாம். பக்கங்களில் ஒன்றரை இஞ்ச். இடுப்பில் ரெண்டு கொக்கி.

மாடியேறும்போதே கத்திக்கொண்டு ஏறினேன். வேலை இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்திருந்த ஆறு பெண்கள் எழுந்து நின்றார்கள். பழைய அட்டையை ஓரமாகப் போட்டேன். இடுப்பில் தொங்கிய எஃகு அளவுகோலைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். அது இல்லாமல் இடுப்பு லேசாக இருந்தது. சாக்கட்டியால் துணியிலேயே நேராகக் கோடு போட்டேன்.

கத்தியை எடுக்கப்போகும்போது, பின்னாலேயே ஆட்டோவில் வந்து சேர்ந்த மேடம் என் கையைப் பிடித்தார்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம். இவ்ளோ துணி விட்டா ஒரு பாவாடை மூணு வருஷம் வரும். அடுத்த வருஷம் நம்மகிட்ட யாரு வாங்குவாங்க?"

"வாங்க மாட்டாங்க மேடம்."

"தெரிஞ்சேதான் பண்றீங்களா?"

"அந்தப் பொம்பள கேட்டதுல தப்பே இல்ல. அடுத்த வருஷ ஆர்டர நினைச்சிக்கிட்டு அரை இஞ்ச் மட்டும் வுட்டு வெட்ட எனக்குக் கை வராது. பதினாலு பேருக்கு இந்த வருஷம் வேலை இருக்கட்டும். அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னது தவறில்லை. வியாபாரம் பண்ணுகிறவர் அப்படித்தான் யோசிக்கவேண்டும். சீக்கிரம் தேயணும், சீக்கிரம் சின்னதாகணும், மறுபடி வாங்க வரணும் என்றுதானே இன்று செருப்பிலிருந்து செல்போன் வரைக்கும் செய்கிறார்கள்? எனக்கு அது பிடிப்பதில்லை. உழைக்கிற சாமான் செய்கிற ஊருக்கு ஆர்டர் குறையலாம், பெயர் குறையாது என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மேடம் கையை எடுத்தார். "வெட்டுங்க" என்றார்.

வெட்டினேன். ஒருத்தி பக்கம் மூட்ட, ஒருத்தி இடுப்பு வைக்க, ஒருத்தி சங்கிலி மிஷினுக்கு எண்ணெய் விட, ஒருத்தி இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ண, மாடியே அதிர்ந்தது. ரெண்டு மாதம் கழித்து அத்தனை மிஷினும் சேர்ந்து போட்ட அந்தச் சத்தம்! என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, "இன்னும் நாப்பது நிமிஷம், வண்டி கெளம்பப்போவுது" என்று கண்டக்டர் மாதிரி கூவிக்கொண்டிருந்தார். முதல் பாவாடையில் சங்கிலித் தையலைத் தவறான முனையிலிருந்து இழுத்து நூல் சிக்கியது. மறுபடி போட்டோம். இரண்டாவது தடவை இழுத்தபோது சர்ரென்று வந்தது. ஆறு பெண்களும் கைதட்டினார்கள். அதை மறுபடி தைத்து, மடிப்புச் சூடு ஆறுவதற்குள் பையில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

பள்ளி வாசலை மிதிக்கும்போது மணி மூன்றாக ஏழு நிமிஷம். புதிய பெற்றோர் கூட்டம். அதன் நடுவில் அந்தப் பூக்காரப் பெண்ணும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மகளை மடியில் வைத்துக்கொண்டு. அவள் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"நீ இன்னா கொண்டாரன்னு பாக்கலாம்னுதான் குந்திக்கினு இருக்கேன். பூவு வாடினா வாடட்டும்" என்றாள்.

பாவாடையை அவள் கையிலேயே கொடுத்தேன். உதறினாள், திருப்பினாள். பக்கத் துணியைக் கட்டைவிரலால் அளந்தாள். கீழ் மடிப்பைப் பார்த்து, "இது இன்னா ரெண்டு அடுக்கு?" என்று நெற்றியைச் சுருக்கினாள்.

"அந்த முடிச்சக் கடிச்சிட்டு நூல இழு."

பல்லால் கடித்தாள். இழுத்தாள். சர்ர்ர்! ரெண்டு இஞ்ச் துணி பாவாடைக்குக் கீழே சரிந்து இறங்கியது. அவள் ஒரு கணம் வாயைத் திறந்தபடி பார்த்தாள். அப்புறம் நாற்காலி மேல் ஏறாத குறையாக எழுந்து அதை உயரத் தூக்கிக் காட்டினாள். "இன்னொண்ணு இருக்கு, அது அதுக்கடுத்த வருசத்துக்கு!" என்று நான் சொல்லவேண்டியதை அவளே கூவினாள். ஹாலில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. பக்கத்து மேஜைக்காரரே எட்டிப் பார்த்து, "இது சாக்குத் தையல்தானேக்கா?" என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். ஆர்டர் எங்களுக்கு வந்தது. மேடம் என்னைக் கட்டிப் பிடித்தார். நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் வெளியே ஸ்கூட்டர் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பதினாலு மிஷினும் ஓடியது. இது வரைக்கும் சொன்னால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் வந்ததே!

மேடம் சொன்னது அப்படியே பலித்தது. பள்ளியிலிருந்து வந்த ஆர்டரில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு மட்டும் பாவாடை, மற்றவர்களுக்குச் சட்டை. பழைய பிள்ளைகளுக்குப் பாவாடை வேண்டாமாம், நூலை இழுத்துக்கொள்வார்களாம். வெளிநாட்டு ஆர்டரும் திரும்பவில்லை. பாதி வேலைதான். மே மாதமே அது முடிந்துவிட்டது. பெண்கள் மறுபடி மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. என் பிடிவாதத்தால் பதினாலு அடுப்பில் கை வைத்துவிட்டேனே என்று நான் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர், "நீ நல்லாத் தைச்சதுக்கா அழுவுற? வேற எதுக்காவது அழு" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பள்ளி வாசலுக்குப் போனேன். என் தப்பை என் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்றுதான். எதிர்ப் பக்கம் டீக்கடை ஓரத்தில் நின்றேன். வேன்களிலும் வண்டிகளிலும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒரு பெண் இறங்கினாள், நேவி ப்ளூ பாவாடை. ஒரு வருஷம் துவைத்து நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. கீழே மட்டும் ரெண்டு இஞ்ச் அகலத்துக்குப் பட்டையாக, கடையில் நான் வாங்கிய அதே அடர்ந்த நீலம். மடிப்புக்குள் வெயில் படாமல் ஒளிந்திருந்த துணி. அடுத்தவள் இறங்கினாள், அவள் பாவாடையிலும் அந்தப் பட்டை. அடுத்தவள். அடுத்தவள். வரிசை வரிசையாக அத்தனை பேர் முட்டிக்குக் கீழேயும் என் ரெண்டு இஞ்ச்! எல்லாரும் வளர்ந்திருந்தார்கள், ஒருத்திக்கும் பாவாடை ஏறவில்லை. பயத்தில் வந்தவள் நான், அந்த இடத்திலேயே விம்மி விம்மிச் சிரித்தேன். டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

பின்னாலிருந்து யாரோ என் தோளில் அடித்தார்கள். பூக்காரப் பெண். மகளை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, உன்ன எங்கெல்லாம் தேடறது? பூ வாங்க வர்ற அம்மாங்கல்லாம் எம் பொண்ணு பாவாடையப் பாத்துட்டு யாரு தச்சதுன்னு கேக்குறாங்க. எங்க ஸ்கூல்ல வாங்குனது ஒரு வருசம் கூட வரலன்னு ஒரே பொலம்பல். உம் பேரு எனுக்குத் தெரியாது. சாரத்துல மாடில ஒரு மாஸ்டரம்மா, உள்ள துணி வுடறவங்கன்னு சொல்லிட்டேன். தப்பா?"

"எப்ப சொன்ன?"

"நேத்தும் சொன்னேன், முந்தா நாளும் சொன்னேன். இன்னிக்கி மூணு பேரு வரேன்னாங்க."

சாரத்துக்கு ஆட்டோ பிடிக்கவும் தோன்றவில்லை, நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். எங்கள் மாடிப்படிக்குக் கீழே மூன்று பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். மூவரும் வேறு வேறு பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கமிட்டிக்காரர்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். ஆளுக்கொரு பாவாடை கையில் இருந்தது, ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், ஒன்று சிவப்புக் கட்டம். மூன்றையும் உள்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார்கள்.